எமிலியானுஸ் பழுதாகாமல் காத்தது

வாழ்நாள் முழுவதும் சரியாகச் செய்து பழகிய ஒரு காரியமே ஒருவரை ஒருநாள் தவறச் செய்தால், அந்தத் தவறு யாருடையது? கவனயீனத்தைப் பற்றி நிறைய எழுதிவைத்திருக்கிறார்கள். கவனத்தால் வந்த கேட்டைப் பற்றி நான் வாசித்தவற்றில் அதிகம் இல்லை. நோக்கத்தைப் பார் என்கிறது ஒரு கட்சி. விளைவைப் பார் என்கிறது மற்றக் கட்சி. நெடுந்தீவு எமிலியானுஸின் கதையை அறிந்த பிறகு இரண்டும் எனக்குப் போதவில்லை.

அவருக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. இளமையில் தகப்பனுடன் கடலுக்குப் போனவர். போர்க்கால இடப்பெயர்வில் வள்ளம் போயிற்று. திரும்பி வந்தபோது இன்னொரு வள்ளத்துக்கு வழியில்லை. ஆகவே மற்றவர்கள் பிடித்ததைக் கரைசேர்க்கும் தொழிலை எடுத்தார். நெடுந்தீவில் மீனும் நண்டும் பிடிப்பது பெரிய வித்தையல்ல. பிடித்ததைக் கெடாமல் வெளியே கொண்டுபோவதுதான் வித்தை. ஐஸ் யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டும். காற்று மாறினால் எதிர்க்கரைக் குறிகட்டுவானுக்குப் படகு ஓடாது. ஒருநாள் தாமதித்தால் ஒரு கிழமை உழைப்பு நாறும்.

இந்த இடத்தில்தான் அவர் பெயர் எடுத்தார். றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் ஐஸை எவ்வளவு நொறுக்க வேண்டும், எந்த அளவில் உப்புத் தூவினால் குளிர் கூடும், வடியும் தண்ணீரை எப்போது திறந்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். “என்ரை மீன் மூண்டாம் நாளும் முழிச்சுப் பாக்கும்” என்பார். அதில் பெருமையடிப்பு இருந்தது. பொய் இருக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பட்டினத்திலிருந்து ஒரு முதலாளி ஒரு வெள்ளைக் கானோடு வந்தார். ஐஸ் குறைவாகப் போதும், இதில் கொஞ்சம் கலந்தால் மீன் பத்து நாளும் விறைத்து நிற்கும் என்றார். எமிலியானுஸ் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். போமலின். பிணத்துக்குப் போடுவதை மனிதர் தின்பதற்குப் போடுவதா என்று கேட்டு, கானை மணலில் கவிழ்த்துவிட்டார். முதலாளி போனார். அவரோடு ஏழு மாத வியாபாரமும் போயிற்று. மனைவி யூலியட் அந்த ஏழு மாதமும் பனையோலைப் பெட்டி இழைத்து வீட்டைப் பார்த்தார். அதைப் பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. கோயிலடியில் பெண்களிடம் அந்தக் கதையைச் சொல்லி மகிழ்ந்தவரும் அவர்தான்.

இதை நேர்மை என்று உடனே எழுத எனக்குத் தயக்கம். அதில் வீம்பும் இருந்தது. ஊர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கானைக் கவிழ்ப்பதில் ஒரு சுகம் உண்டு. ஆனால் அந்த மணத்தை அவர் மூக்கு பிறகு மறக்கவில்லை.

யூலியட்டுக்குச் சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு ஒன்று பழுதானது. படி ஏறினால் மூச்சு வாங்கும். ஐம்பத்தெட்டாம் வயதில் இடது மார்பில் சின்ன நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நான்கு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. நத்தார்ப் பெருநாளுக்கு யாழ்ப்பாணக் குருநகரிலிருக்கும் தமக்கை நேசம்மா வீட்டுக்குப் போனபோது, நேசம்மாதான் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

ஊசியால் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். ஹோர்மோன் மாத்திரைக்கும் கட்டுப்படாத, மார்புப் புற்றுக்கென்றே உள்ள ஊசி மருந்துக்கும் கட்டுப்படாத வகை. அந்த வகைக்கு வெட்டியெடுத்த பிறகு கீமோ கொடுப்பதுதான் வழமை. அந்தக் கீமோவை யூலியட்டின் இருதயம் தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

டொக்டர் சுமித்திரா இளம் பெண். விளங்கப்படுத்தப் பொறுமை உள்ளவர். அவர் சொன்னதை எமிலியானுஸ் பிறகு பலருக்கும் ஏறத்தாழ அப்படியே ஒப்புவித்திருக்கிறார். உடம்பின் வெள்ளை அணுக்கள் சிலருடைய கட்டிக்குள் கூட்டமாகப் புகுந்திருக்கும். சிலருடைய கட்டியில் அவை அருமை. நிறையப் புகுந்திருந்தால் உடம்பு அந்த நோயை அடையாளம் கண்டு எதிர்க்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கட்டி சிறிதாக இருந்து இந்த அணுக்களும் நிறைந்திருந்தால், கீமோ இல்லாமலே அநேகர் தப்பியிருக்கிறார்கள் என்று புதிய ஆய்வுகள் சொல்கின்றன. இது இன்னும் எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறையாகவில்லை.

“வேறை ஆக்களெண்டா நான் இதைக் கதைக்கவே மாட்டன். அம்மான்ரை இருதயத்துக்காகத்தான் கேக்கிறன்” என்றார் டொக்டர். “ஊசித் துண்டிலை நிறைய இருக்கிற மாதிரித் தெரியுது. ஆனா அது நூல் மாதிரித் துண்டு, அரைவாசி கொழுப்பு. அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. முழுக்கட்டியும் வந்தா எண்ணிப் பாக்கலாம். நிறைய இருந்தா கீமோவை விடலாம். இல்லாட்டி இருதயத்தைப் பாத்துப் பாத்துக் குடுக்கத்தான் வேணும்.”

ஆக, எல்லாம் அந்தக் கட்டியின் மேல் வந்து நின்றது. யூலியட்டுக்கு அது நன்றாக விளங்கியது. எமிலியானுஸுக்கு இன்னும் நன்றாக விளங்கியது. அதுதான் வினை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு நாள் தள்ளிப் போனது. பிரான்சிலிருக்கும் மகன் றஜீவன் காத்திருக்க வேண்டாம் என்று அடம்பிடித்து, பட்டினத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒழுங்குபண்ணினான். ஒரு சனிக்கிழமை காலை கட்டியை வெட்டியெடுத்தார்கள். அந்த மனையில் பரிசோதனைக்கூடம் இல்லை. எடுத்ததை ஒரு போத்தலில் இட்டு உறவினர் கையில் கொடுப்பார்கள். உறவினர் அதை வெளியே உள்ள கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எமிலியானுஸ் போனபோது கூடம் பூட்டியிருந்தது. இனித் திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

போத்தலைக் கொடுத்த ஊழியர் சொன்னது ஒரே வசனம்: “கவனமாக் கொண்டு போங்கோ ஐயா.” போத்தலில் ஒட்டியிருந்த துண்டில் மிகுதி எழுதியிருந்ததாக மனைக்காரர் பிறகு சொன்னார்கள். எழுதியிருந்தது ஆங்கிலத்தில். எமிலியானுஸ் ஐந்தாம் வகுப்பு.

நேசம்மாவின் வீட்டு முற்றத்தில் வைத்து அவர் போத்தலைத் திறந்தார். ஏன் திறந்தீர் என்று பின்னர் நான் கேட்டதற்கு, கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றார். மூன்று தசாப்தமாக அவர் செய்த வேலையே மூடியைத் திறந்து மணந்து பார்ப்பதுதான். மணம் மூக்கில் ஏறியது. முதலாளியின் கானில் இருந்த அதே மணம்.

அந்த நேரத்தில் அவர் எண்ணியதை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அதில் பிழையான ஒரு கண்ணியைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. போமலின் போட்ட மீன் உள்ளே அழுகியிருந்தாலும் வெளியே புதிதாகத் தெரியும். அது பார்ப்பவர் கண்ணை ஏமாற்றும் மருந்து. இங்கே ஒரு டொக்டர் கட்டிக்குள் இருக்கும் அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணப்போகிறார். மனைவியின் உயிர் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது. அதன்மேல் போய் இந்தக் கள்ள மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். தசை இருந்தபடியே இருக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான் உலகத்தில் உண்டு.

போமலினை வாய்க்காலில் ஊற்றினார். கட்டியைக் கொதித்தாறிய தண்ணீரில் அலம்பினார். கடைக்குப் போய்ப் புது றெஜிபோம் பெட்டி ஒன்று வாங்கினார். நண்டு வைத்த பழைய பெட்டியை அவர் தொடவில்லை. ஊர் அதை நம்பவில்லை, ஆனால் அதுதான் உண்மை. குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் கட்டி ஐஸ் எடுத்து நொறுக்கி, உப்புத் தூவி, கட்டியை வெள்ளைத் துணியிலும் பொலித்தீனிலும் சுற்றி நடுவில் வைத்தார். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரை வடித்துப் புது ஐஸ் போட்டார்.

நேசம்மா பெட்டியைக் குசினிக்குள் விடவில்லை. “என்ன மச்சான், சந்தைக்கே கொண்டு போறீர்? விறாந்தையிலை வையும் உதை” என்றார். எமிலியானுஸுக்குச் சிரிக்கும் மனநிலை இல்லை. மனைவியை மனையில் பார்க்கப் போன நேரம் தவிர, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் பெட்டியடியில் இருந்தார். நாற்பது வருடத் திருமணத்தில் அவர் யூலியட்டுக்காக இவ்வளவு பாடுபட்டது அந்த இரண்டு நாளும்தான் என்று நேசம்மா பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். சொன்ன தொனியில் குத்தல் இருந்தது. ஆனாலும் அது உண்மை என்றே நினைக்கிறேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே கூடத்து வாசலில் நின்றார். முதல் ஆளாக உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினார். வரவேற்பிலிருந்த ஷாருஜன் என்ற பொடியன் துணியை விரித்தான். உள்ளே கட்டி கல்லாக உறைந்திருந்தது.

“ஐயா, இதை ஆர் ஐஸிலை வைச்சது?”

“நான்தான் தம்பி. ரெண்டு நாளும் குளிர் குறைய விடேல்லை.”

ஷாருஜன் பெட்டியை அப்படியே தூக்கினான். உள்ளே கொண்டுபோனான். எமிலியானுஸ் அந்த அவசரத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அறிக்கை பத்து நாளில் வந்தது. புற்றுநோய் உண்டு. கட்டி முழுதாக எடுபட்டிருக்கிறது. அளவு ஒன்றரைச் சென்ரிமீற்றர். அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் தெரியவில்லை. இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: தசை உறைந்து சிதைந்திருப்பதால் வெள்ளை அணுக்களை மதிப்பிட முடியாது.

டொக்டர் சுமித்திரா அதை மறைக்கவில்லை. மறைத்திருக்கலாமே என்று நான் சில வேளை நினைப்பதுண்டு. பிறகு, அப்படி நினைப்பதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் நினைப்பேன். அணு என்பது தண்ணீர் நிரம்பிய பை போன்றது, மெல்ல மெல்ல உறையும்போது அந்தத் தண்ணீர் ஊசி ஊசியாகி உள்ளிருந்தே பையைக் கிழித்துவிடும் என்று அவர் சொன்னார். மீனிலும் அப்படித்தான் கிழிகிறதாம். தின்பவருக்கு அது தெரியாது, எண்ணுபவருக்கு மட்டும்தான் தெரியும். போமலின்தான் அணுக்களை இருந்த இடத்தில் இருந்தபடி நிறுத்திவைத்திருக்கும்.

எமிலியானுஸ் கதிரையில் உட்காராமல் சுவரோடு நின்றார். ஊசியால் எடுத்த பழைய துண்டை இன்னொருமுறை பார்க்க முடியாதா என்று கேட்டார். டொக்டர் அதையும் கேட்டுப் பார்த்திருந்தார். மிச்சம் இருந்ததில் பார்க்க ஒன்றுமில்லை.

“இனி எண்ணேலாது ஐயா. நிறைய இருந்துதோ இல்லையோ, அது இனி ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் டொக்டர். பிறகு யூலியட்டின் பக்கம் திரும்பினார். கீமோ கொடுத்தால் நோய் திரும்பிவரும் வாய்ப்புக் குறையும், ஆனால் இருதயம் இடையில் கைவிடலாம். கொடுக்காவிட்டால் இருதயத்துக்கு ஆபத்தில்லை, நோய் திரும்பலாம், திரும்பாமலும் விடலாம். எதைச் சொன்னாலும் தான் துணை நிற்பதாகச் சொன்னார்.

யூலியட் அதுவரை அறிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு எழுத்தும் அவருக்கு வாசிக்கத் தெரியாது.

“அவரைக் கேளுங்கோ டொக்டர். அவர்தானே கொண்டு போனவர்.”

டொக்டர் இது நோயாளிதான் எடுக்க வேண்டிய முடிவு என்றார். யூலியட் குரலை உயர்த்தவில்லை. “ஓம், என்ரை முடிவுதான். அவர் சொல்லுறதை நான் செய்வன். அதுதான் என்ரை முடிவு.”

மூன்று கிழமை தவணை கொடுத்தார்கள்.

அந்தச் சொல் தண்டனையா, நம்பிக்கையா என்று யூலியட்டிடம் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஒரு சொல் இரண்டுமாக இருக்க முடியும் என்பதுதான் பதிலாக இருந்திருக்கும். அன்று வீட்டுக்கு வந்த யூலியட் சமைத்தார், சாப்பாடு போட்டுக் கொடுத்தார், ஒரு வார்த்தை குறைகூறவில்லை. குறைகூறாத வீட்டில் இருப்பது எவ்வளவு கடினம் என்பது அங்கே இருந்தவருக்குத்தான் தெரியும்.

ஊருக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. செய்தி எப்படியோ அடுத்த படகிலேயே வந்து சேர்ந்துவிட்டது. மனைவியின் கட்டியை நண்டுப் பெட்டியில் கொண்டுபோனவர் என்றார்கள். துறையில் சின்னக்குட்டி என்ற வள்ளச் சொந்தக்காரச் சம்மாட்டி நண்டை நிறுத்துக் கொடுக்கும்போது, “அண்ணை, இதை நேரை கொம்பனிக்குக் குடுங்கோ, இடையிலை ஆஸ்பத்திரியிலை இறக்கிப்போடாதேங்கோ” என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். எமிலியானுஸும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நேரில் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். இரண்டு பெண்கள் அவருடைய பெட்டி மீன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். முன்பு கானைக் கவிழ்த்ததற்காக அவரைப் புகழ்ந்த அதே வாய்கள், அப்படி ஒரு மருந்தைக் கொட்டிக் கவிழ்க்கிற மனுசன் எதையும் செய்வான் என்றன. ஒரே செயல்தான். ஒருமுறை நேர்மை என்றார்கள், மறுமுறை மடைத்தனம் என்றார்கள். நடுவில் எமிலியானுஸ் மாறவேயில்லை.

புத்திமதிக்கும் குறைவில்லை. றஜீவன் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு, கீமோ கொடுக்கத்தான் வேண்டும், ஒன்றும் செய்யாமல் விட்டோம் என்று நாளைக்கு இருக்கக்கூடாது என்றான். அம்மாவுக்காகச் சொல்கிறானா, தன் மனதுக்காகச் சொல்கிறானா என்பதை அவன் பிரித்துப் பார்த்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. நேசம்மா முதலில் கீமோ வேண்டும் என்றார். பிறகு அடுத்த ஒழுங்கையில் ஒரு பெண் மூன்றாம் கீமோவோடு போய்ச் சேர்ந்ததைக் கேட்டு, வேண்டாம் என்றார். பிறகு மறுபடி வேண்டும் என்றார். சுவாமியார், செபித்துவிட்டுத் தீர்மானியும் என்றார். அது தவறில்லாத சொல். பயனும் இல்லை.

அவருடைய நிலையை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். கீமோ கொடுத்து இருதயம் நின்றால், தேவையில்லாமல் கொடுத்திருக்கலாம், ஐஸ்தான் கொன்றது என்பார்கள். கொடுக்காமல் நோய் திரும்பினால், கொடுத்திருக்கலாம், ஐஸ்தான் கொன்றது என்பார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தாலும் அது அவருடைய முடிவால் என்று ஒருவரும் சொல்லப்போவதில்லை. அறிந்து தேர்வு செய்வதுதான் சுதந்திரம் என்று வாசித்திருக்கிறேன். அறிய வழியிருந்ததைத் தானே அழித்துவிட்டவருக்கு மிஞ்சும் சுதந்திரத்துக்கு என்ன பெயர் வைப்பது?

அந்த மூன்று கிழமையும் அவர் வேலைக்குப் போனார். ஒரு பின்னேரம் படகில் என் பக்கத்தில் இருந்தார். வைத்தியத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இறங்கும் நேரம் மட்டும், “மாஸ்டர், ஆராவது ஒருத்தர், இதுக்குள்ளை ஐஸ் வைக்காதை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே” என்றார். நான் ஓம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். “சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பனோ தெரியாது. ஐஸைப் பற்றி எனக்கு ஆர் சொல்லுறது?”

தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேசும் மனிதரை நான் அதிகம் சந்தித்ததில்லை. என்னால் அவருக்குக் கொடுக்க முடிந்த பாராட்டு இவ்வளவுதான்.

தவணை நாளில் இருவரும் முதல் படகில் புறப்பட்டுக் கிளினிக்குக்குப் போனார்கள். நேசம்மாவும் வந்திருந்தார். கீமோவுக்கு நாள் குறிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஊரும் மகனும் சொல்வதைச் செய்துவிட்டால், பழியிலும் அவர்களுக்குப் பங்கு போகும். பயந்த மனிதர் வேறு எதைச் செய்வார்?

டொக்டர் முதலில் யூலியட்டைத்தான் கேட்டார். யூலியட் கணவரைப் பார்த்தார்.

“வேண்டாம் டொக்டர்” என்றார் எமிலியானுஸ்.

நோய் திரும்பினால் அது வேறு உறுப்பில் வரலாம், அப்போது மாற்றுவது கடினம் என்று டொக்டர் மறுபடி சொன்னார். விளங்குகிறதா என்று கேட்டார். ஓம் என்றார் எமிலியானுஸ். கோப்பில் காரணம் எழுத வேண்டும், என்ன எழுதுவது என்று கேட்டார். எமிலியானுஸ் கோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேசம்மா, “வாயைத் திறந்து சொல்லுமன், மனிசி கேட்டுக்கொண்டெல்லோ இருக்கிறாள்” என்றார். அதற்கும் அவர் காரணம் சொல்லவில்லை. டொக்டர் எதையோ எழுதினார். டொக்டர் காட்டிய இடத்தில் யூலியட் கையெழுத்து வைத்தார்.

இருதயத்துக்குப் பயந்துதான் மறுத்தார் என்கிறார் நேசம்மா. ஐஸால் ஒரு கேடும் வரவில்லை என்று காட்டுவதற்குத்தான் மனைவியைப் பணயம் வைத்தார் என்கிறது ஊர். றஜீவன் ஆறு மாதம் தகப்பனோடு கதைக்கவில்லை. இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் கிளினிக்குக்குப் போய் வருகிறார்கள். இதுவரை நோய் திரும்பவில்லை. அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய இன்னும் காலம் போதாது என்கிறார் டொக்டர்.

ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று யூலியட் ஒரேயொரு முறை கேட்டிருக்கிறார். எமிலியானுஸ் எழுந்துபோய் மீன் பெட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டாராம். யூலியட் பிறகு கேட்கவும் இல்லை.